கோல்கீப்பரின் கையுறை

கோலார் தங்கவயலில் கோரமண்டல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் பாதையில் இந்த ஊர் வரும்.

ஒரு காலத்தில் இங்கே பிழைப்பு என்றால் சுரங்கம்தான். தாத்தா சுரங்கத்தில் இறங்கினார். அப்பாவும் இறங்கினார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. விடியும் முன்பே எழுந்து ரயிலைப் பிடிக்க வேண்டும். வீடு திரும்ப இரவாகிவிடும்.

சுரங்கம் போனாலும் கால்பந்து போகவில்லை. அந்த நாளில் சுரங்கத்தை நடத்திய வெள்ளைக்காரர்கள் ஆடிய ஆட்டம் அது. லைன் வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் அதைத் தங்கள் ஆட்டமாக்கிக் கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளைகள் இன்றும் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அந்த வீட்டு அம்மா பெங்களூரில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவருக்கு ஒரு பையன், ஒரு பெண். பையனுக்குப் பன்னிரண்டு வயது. அவன்தான் கோல்கீப்பர். கையுறை வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் கிளவுஸ் என்று சொல்லும் பொருள்தான் அது. அம்மா சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். ஒரு சனிக்கிழமை பெங்களூரில் வாங்கி வந்தார். நல்ல சிவப்பு நிறம். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கினார்.

இரண்டு மாதம்தான் ஆயிற்று. உள்ளங்கைப் பக்கம் பொரிப்பொரியாக உதிர்ந்துவிட்டது. ஒரு விரலில் தையல் விட்டுப் போயிற்று. போன வாரம் பந்து பட்டுப் பையனின் சுண்டு விரல் வீங்கிவிட்டது.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கையுறையைக் காட்டினார்.

"பாருங்க மாமா! கடைக்காரன் ஏமாத்திட்டான்."

பெரியவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே போன சுரங்கம் அது. இளம் வயதில் அவரும் கோல்கீப்பர்தான். கையுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"எதுல தொவச்சம்மா?"

"சோப்புத் தூள்லதான். கல்லுல நல்லா அடிச்சுத் தொவச்சேன்."

"எங்க காய வச்ச?"

"மாடியில. நல்ல வெயில்ல."

பெரியவர் சிரித்தார். "கடைக்காரன் ஏமாத்தல. இது துணி இல்லம்மா. இது பால்."

ரப்பர் பால்

பெரியவர் சொன்னது சரிதான். கையுறையின் உள்ளங்கைப் பக்கம் ரப்பர் பாலில் செய்தது.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் தோட்டங்கள் உண்டு. அங்கே விடியற்காலையில் மரத்தின் பட்டையைச் சீவிவிடுவார்கள். வெள்ளையாகப் பால் வடியும். அதைச் சிரட்டையில் பிடிப்பார்கள். இந்தப் பாலை நுரைக்க அடித்துச் சூட்டில் இறுக வைத்தால் பஞ்சு போன்ற ரப்பர் கிடைக்கும். ஆலையில் செய்யும் செயற்கை ரப்பரையும் இதோடு கலப்பது வழக்கம். மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் இதை வெட்டிக் கையுறையில் வைத்துத் தைக்கிறார்கள்.

பந்தைப் பற்றிக்கொள்வது இந்த ரப்பர்தான். வேகமாக வரும் பந்தின் அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வதும் இதுதான்.

ஆனால் இது மென்மையான பொருள். இதற்கு நான்கு பகைவர்கள் உண்டு. மணல், வெயில், எண்ணெய், சோப்புத் தூள்.

பழைய சைக்கிள் டியூபை வெயிலில் போட்டுப் பாருங்கள். சில மாதத்தில் வெடித்துவிடும். ரப்பர் பேண்டும் அப்படித்தான். ஜன்னல் ஓரம் கிடந்தால் பிசுபிசுத்துப் போகும், அல்லது தொட்டாலே அறுந்துவிடும். வெயிலும் காற்றும் ரப்பரை அரித்துவிடுகின்றன. சைக்கிள் டியூபுக்கே அந்தக் கதி என்றால் நுரை போன்ற ரப்பருக்குக் கேட்கவே வேண்டாம்.

எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும். தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, கையுறை போட்ட கையால் தலையைக் கோதுகிற பிள்ளைகள் உண்டு. அது போதும் கையுறை கெடுவதற்கு.

கோலார் மண்

தங்கவயலில் மணல் ஒரு தனிக் கதை.

இந்த ஊரில் தங்கம் கட்டியாகக் கிடைக்கவில்லை. வெள்ளைக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்திருந்தது. அந்தக் கல்லை வெட்டி எடுத்து மாவு போல இடித்தார்கள். சயனைடு என்னும் மருந்தைச் சேர்த்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய தூளைக் கொட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் கொட்டிக் கொட்டி அது மலை மலையாக நிற்கிறது. ஊர் மக்கள் அதைச் சயனைடு மேடு என்கிறார்கள்.

காற்றுக் காலத்தில் அந்தத் தூள் பறந்து வரும். வாசலில் படியும். துணியில் படியும். அது சாதாரணப் புழுதி அல்ல. இடித்த கல். தச்சர் மரத்தைத் தேய்க்கிறாரே உப்புத்தாள், அதைப் போல ரப்பரைத் தேய்த்துவிடும். கட்டாந்தரையில் உள்ள சரளைக் கல்லும் அப்படித்தான் செய்யும்.

சயனைடு மேட்டின் மேலேயோ அதன் அடியிலோ பிள்ளைகள் விளையாடக் கூடாது. அங்கே கையுறை கெடுவது பெரிய விஷயம் அல்ல. அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

புல் தரையில் ஆறு மாதம் வரும் கையுறை மண் தரையில் இரண்டு மாதத்தில் தேய்ந்து போகலாம். இது யார் குற்றமும் அல்ல. பெரிய ஆட்டக்காரர்கள் சில ஆட்டங்களுக்கு ஒரு ஜோடி மாற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு நிறுவனங்கள் சும்மா கொடுக்கின்றன. சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர்கள் அப்படி மாற்ற முடியுமா? அதனால் வாங்கும்போதே தரையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெறுங்கையால் பிடித்தவர்கள்

"உங்க காலத்துல கிளவுஸ் ஏது தாத்தா?" என்று பையன் கேட்டான்.

கையுறை என்ற எண்ணம் பழையதுதான். 1885-லேயே இங்கிலாந்தில் வில்லியம் சைக்ஸ் என்ற பந்து வியாபாரி ஒரு கையுறைக்கு உரிமை பதிந்தார். தோல் கையுறை. உள்ளே ரப்பர் வைத்தது. ஆனாலும் வெகுகாலம் பெரும்பாலானவர்கள் வெறுங்கையால்தான் பிடித்தார்கள். மழை பெய்தால் சிலர் கம்பளிக் கையுறை போட்டார்கள். தோல் பந்து தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல் மாதிரி கனக்கும்.

1948-ல் லண்டனில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. நம் ஆட்டக்காரர்கள் பலர் காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்காலோடு ஆடினார்கள். 2-1 என்றுதான் தோற்றார்கள். அன்று கோலில் நின்றவர் கே.வி.வரதராஜ். மைசூர் மாநிலத்துக்காரர். அப்போது கோலார் தங்கவயலும் மைசூர் மாநிலத்தில்தான் இருந்தது.

அவருக்குப் பின்னால் வந்தவர் பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். சென்னை ரெஜிமென்ட் படைப்பிரிவில் சேர்ந்து ஆடினார். முதலில் கோல் அடிக்கும் இடத்தில்தான் ஆடினார். பிறகு கோல்கீப்பர் ஆனார். நல்ல உயரம். 1956-லும் 1960-லும் ஒலிம்பிக்கில் ஆடினார். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று இந்தியா வென்றது. தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த ஆட்டத்தில் கோலில் நின்றவர் தங்கராஜ்.

இன்று நாம் பார்க்கும் பெரிய ரப்பர் கையுறை 1970-களில்தான் பரவியது. மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஸெப் மையர் அதற்கு ஒரு காரணம். 1974-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர் அவர். அகலமான கையுறையோடு அவர் நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆட்ட விதியில் இன்றும் கையுறை கட்டாயம் இல்லை. கோல்கீப்பரின் சட்டை வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது.

2004-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஐரோப்பியக் கோப்பையில் போர்ச்சுகலும் இங்கிலாந்தும் மோதின. ஆட்டம் சமமாக முடிந்து பெனால்டிக்கு வந்தது. போர்ச்சுகல் கோல்கீப்பர் ரிக்கார்டோ திடீரென்று இரண்டு கையுறைகளையும் கழற்றினார். வெறுங்கையோடு நின்றார். வந்த பந்தைத் தடுத்துவிட்டார். அடுத்த பெனால்டியை அவரே அடித்து ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தார்.

"அப்போ கிளவுஸே வேண்டாமா?" என்றான் பையன்.

"வேணும்டா. உன் விரலுக்கு வேணும். ஆனா பந்தப் பிடிக்கிறது கைதான். ரெண்டு கட்டை விரலும் கிட்டக்கிட்ட இருக்கணும். கை பந்துக்குப் பின்னால போகணும். அதக் கத்துக்காம நூறு கிளவுஸ் போட்டாலும் பந்து நடுவுல பூந்து போயிரும்."

அளவு பார்ப்பது

பள்ளிச் சட்டையைப் பெரியதாக வாங்கலாம். மடித்துத் தைக்கலாம். கையுறையில் அது நடக்காது. பெரிய கையுறை கைக்குள் சுழலும். விரல் ஒரு பக்கம் இருக்கும், கையுறை விரல் ஒரு பக்கம் திரும்பும். பந்து வந்து மோதினால் விரல் மடங்கிவிடும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

சிறிய கையுறையும் ஆகாது. விரல் நுனி முட்டும். தையல் பிரியும்.

அளவு எடுப்பது எளிது. தையல்காரரின் டேப் இருந்தால் போதும். டேப் இல்லையா? ஒரு நூலால் அளந்து ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். கட்டை விரலை விட்டுவிட வேண்டும். மற்ற நான்கு விரல்களுக்குக் கீழே, உள்ளங்கை எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கே சுற்றி அளக்க வேண்டும். எத்தனை அங்குலம் என்று பார்க்க வேண்டும். அதோடு ஒன்று கூட்ட வேண்டும். அதுதான் கையுறை எண்.

பையனின் கை ஆறு அங்குலம். ஆறும் ஒன்றும் ஏழு. அவனுக்கு ஏழாம் எண் வேண்டும். அம்மா வாங்கியது ஒன்பது.

அரை அங்குலம் கூடுதலாக வந்தால் அடுத்த முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாம். ஆறரை என்றால் ஏழு. அதோடு ஒன்று கூட்டினால் எட்டு. இரண்டு கையையும் அளப்பது நல்லது. சிலருக்கு ஒரு கை கொஞ்சம் பெரியதாக இருக்கும். பெரிய கையின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லா நிறுவனத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. அதனால் பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போவதே மேல். போட்டுப் பார்க்கட்டும். விரல் நுனிக்கு மேல் அரை சென்டிமீட்டர், மிஞ்சிப் போனால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கலாம். கையை மூடித் திறக்கட்டும். கடையில் ஒரு பந்தைக் கேட்டு வாங்கிப் பிடித்துப் பார்க்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நல்லதா, போலியா?

பார்வைக்கு எல்லாக் கையுறையும் ஒன்று போலத்தான் இருக்கும். விலை மலிவான சிலவற்றில் உள்ளங்கையில் ரப்பரே இருக்காது. பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருப்பார்கள். அது பந்தைப் பிடிக்காது, வழுக்கும்.

கட்டை விரலால் உள்ளங்கைப் பகுதியை அழுத்திப் பாருங்கள். ரப்பர் நுரை என்றால் உள்ளே போய், மெதுவாக மேலே எழும்பும். பிறகு இரண்டு கையுறைகளின் உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று லேசாக வைத்து நகர்த்திப் பாருங்கள். நல்ல ரப்பர் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் என்றால் சர்ரென்று வழுக்கும்.

ரப்பரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று மிக மென்மையானது. நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இன்னொன்று கொஞ்சம் கெட்டியானது. பிடிப்பு சற்றுக் குறைவு, நாள் வரும். மண் தரையில் ஆடும் பிள்ளைக்குக் கெட்டியான வகையே நல்லது. விலை அதிகமான கையுறை அதிக நாள் உழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நேர்மாறு. விலை உயர்ந்தது மென்மையானதாக இருக்கும். மண் தரையில் அது முதலில் போய்விடும்.

அடுத்தது தையல். இதில் அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாள் முழுவதும் தையலைப் பார்ப்பவர் அவர். நூல் நெருக்கமாக ஓடியிருக்கிறதா? விரல் இடுக்கில், குறிப்பாகக் கட்டை விரல் இடுக்கில், தையல் இறுக்கமாக இருக்கிறதா? அங்கேதான் முதலில் பிரியும். மணிக்கட்டில் வெல்க்ரோ என்னும் ஒட்டுப் பட்டை இருக்கும். அது கையை முழுவதும் சுற்றி வர வேண்டும்.

சில கையுறைகளில் விரல் முதுகில் பிளாஸ்டிக் குச்சி வைத்திருப்பார்கள். பந்து மோதும்போது விரல் பின்னால் வளையாமல் அது காக்கும். முன்பக்கம் நன்றாக மடங்க வேண்டும், பின்பக்கம் வளையக் கூடாது. அப்படி இருந்தால் நல்ல குச்சி. இரண்டு பக்கமும் வளைந்தால் அது வெறும் அலங்காரம். குச்சி இருந்தால் விரலுக்கு அடியே படாது என்று நம்பிவிடக் கூடாது. பக்கவாட்டில் வரும் அடியை அது தடுக்காது.

சிலருக்கு ரப்பர் பட்டால் தோல் அரிக்கும், தடிக்கும். அப்படி இருந்தால் கையுறையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஈரம் வேண்டும்

பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் முன் விரலை நனைத்துக்கொள்கிறார். ஏன்? காய்ந்த விரலில் காகிதம் வழுக்கும். ஈர விரலில் ஒட்டும். ரப்பருக்கும் இதே கதைதான். காய்ந்த ரப்பர், தூசி படிந்த ரப்பர், பந்தைப் பிடிக்காது.

புதுக் கையுறையை அப்படியே போட்டுக்கொண்டு ஆடப் போகக் கூடாது. ஆலையில் சேர்த்த மருந்து அதில் படிந்திருக்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறை அலசி நிழலில் காய வைக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தடவிக்கொள்ள வேண்டும். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம். நடுவில் தூசி படிந்தால் மறுபடி துடைத்து ஈரமாக்கலாம். கோல்கீப்பர்கள் பலர் கையுறையில் எச்சில் துப்பித் தேய்ப்பார்கள். கோல் கம்பத்தின் அருகே ஒரு சிறு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டால் அந்த அசிங்கம் தேவையில்லை.

விழுந்து எழும்போது உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவது எல்லோருக்கும் பழக்கம். கோல்கீப்பர் அதை மறக்க வேண்டும். கையை மூடி முட்டியை ஊன்றி எழ வேண்டும். ஒரு ஆட்டத்தில் முப்பது நாற்பது முறை விழுந்து எழுகிறான் பையன். ஒவ்வொரு முறையும் உப்புத்தாளில் தேய்த்தால் ரப்பர் என்ன ஆகும்? பல கையுறைகள் பந்தால் தேய்வதில்லை, இப்படித்தான் தேய்கின்றன.

கழற்றும்போது விரல் நுனியைப் பிடித்து இழுப்பார்கள். அதுவும் தவறு. பட்டையை முழுவதும் பிரித்துவிட்டு, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து மெல்லக் கழற்ற வேண்டும்.

கழுவுவது எப்படி?

ஆடி முடித்த அன்றே கழுவிவிட வேண்டும். வேர்வையோடு பைக்குள் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். நாற்றம் அடிக்கும். ரப்பரும் அழியும்.

தங்கவயலில் தண்ணீர்க் கஷ்டம் உண்டு. பயப்பட வேண்டாம். ஒரு சிறு வாளித் தண்ணீர் போதும். வெதுவெதுப்பாக இருக்கட்டும். கொதிக்கக் கூடாது. கையுறையைக் கையில் போட்டுக்கொண்டே, கை கழுவுவது போல உள்ளங்கையை மெல்லத் தேய்க்க வேண்டும். அழுக்கு அதிகம் என்றால் குழந்தைக்குப் போடும் சோப்பில் கொஞ்சம், அல்லது இரண்டு சொட்டு ஷாம்பு. அவ்வளவுதான். சோப்புத் தூள், பிளீச்சிங் பவுடர் இரண்டும் கூடாது. பிரஷ் போட்டுத் தேய்ப்பது, கல்லில் அடிப்பது, வாஷிங் மெஷினில் போடுவது எதுவும் வேண்டாம். பிறகு நுரை போகும் வரை அலச வேண்டும்.

பிழியக் கூடாது. நனைந்த ரப்பருக்கு வலு குறைவு. முறுக்கினால் கிழிந்துவிடும். ஒரு பழைய துண்டுக்குள் வைத்து அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். விரல்களுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைக்கலாம். அது ஈரத்தை இழுக்கும். நனைந்ததும் தாளை மாற்ற வேண்டும்.

காய வைப்பது நிழலில், காற்றோட்டமான இடத்தில். வெயிலும் கூடாது, அடுப்பங்கரையும் கூடாது. அவசரம் என்று அடுப்புப் பக்கத்தில் வைத்தால் உள்ளங்கை அப்பளம் போல ஆகிவிடும்.

இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றோடொன்று ஒட்டும்படி வைக்கக் கூடாது. ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்காதீர்கள். தண்ணீரில் நனைத்தால் தானாக விடும். காய்ந்ததும் துணிப் பையில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் வைத்து முடிச்சுப் போட வேண்டாம்.

முதுகுப் பக்கம் தையல் விட்டால் ஊசி நூலால் தைத்துக்கொள்ளலாம். உள்ளங்கை கிழிந்தால் சிலர் சைக்கிள் பஞ்சர் பசையைத் தடவுகிறார்கள். காய்ந்த பிறகு அந்த இடம் கெட்டியாகிவிடும். அங்கே பந்து ஒட்டாது.

விரலில் அடிபட்டால்

கையுறை கிழிந்தால் வேறு வாங்கலாம். விரல் விஷயம் அப்படி இல்லை.

பையனின் சுண்டு விரலை அவன் கூட்டாளி ஒருவன் பிடித்து இழுத்துவிட்டான். "சொடக்கு எடுத்தா சரியாயிரும்" என்றானாம். பெரியவர் அதைக் கேட்டதும் சத்தம் போட்டார். அவருடைய வலது கையில் ஒரு விரல் கோணலாகவே இருக்கிறது. அந்த நாளில் யாரோ இழுத்து, எண்ணெய் போட்டு நீவி விட்டது. எலும்பு முறிந்திருந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

விரலில் அடிபட்டால் இழுக்கக் கூடாது, நீவக் கூடாது. மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிட வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். ஐஸ் இல்லை என்றால் குளிர்ந்த தண்ணீர். அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து, இறுக்காமல் கட்டிக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். விரல் கோணலாக இருந்தால், மடக்க முடியாவிட்டால், மரத்துப் போனால், மறுநாளும் வீக்கம் வடியாவிட்டால் மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில்தான் வளர்ச்சி நடக்கிறது. அங்கே அடிபட்டால் தள்ளிப் போடக் கூடாது.

அந்தப் பையனுக்கு நல்ல வேளை, வெறும் சுளுக்குத்தான். மூன்று வாரம் பந்தைத் தொடக் கூடாது என்றார் மருத்துவர். அவன் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

டேப்போடு போன அம்மா

அந்த மூன்று வாரத்தில் வேறொன்றும் நடந்தது. பழைய சிவப்புக் கையுறையை அவன் தங்கை மாட்டிக்கொண்டாள். தெருவில் பிள்ளைகள் அடித்த பந்தைப் பிடித்தாள். ஒன்றிரண்டை நன்றாகவே பிடித்தாள்.

"பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு கிளவுஸ்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அதிதி சவுகான் என்ற பெண்ணைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். 1992-ல் சென்னையில் பிறந்தவர். இந்தியப் பெண்கள் அணியின் கோல்கீப்பராக ஆடினார். இங்கிலாந்துக்குப் போய், 2015-ல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் சேர்ந்தார்.

அம்மா எதிர்வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லவில்லை. டேப்பை எடுத்து மகளின் கையையும் அளந்தார். ஐந்து அங்குலம். ஐந்தும் ஒன்றும் ஆறு. காலண்டர் ஓரத்தில் 7, 6 என்று எழுதி வைத்தார்.

அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு ஜோடிக்குத்தான் பணம் இருந்தது. பையனை அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் பளபளக்கும் நீல நிறத்தை எடுத்துப் போட்டார்.

"மண் கிரவுண்டுல ஆடுற பையன். கெட்டி ரப்பரா காட்டுங்க" என்றார் அம்மா.

கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நகர்த்திப் பார்த்தார். கட்டை விரல் இடுக்கில் தையலைப் பார்த்தார். மூன்று ஜோடி வேண்டாம் என்றார். நான்காவது, சாம்பல் நிறம். பார்க்க அவ்வளவு அழகில்லை. பையன் போட்டுப் பார்த்தான். விரல் நுனியில் அரை சென்டிமீட்டர் இடம் இருந்தது. பந்து ஒன்று கேட்டான். கடைக்காரர் கொடுத்தார்.

இப்போது புதியது போட்டிக்கு மட்டும். பயிற்சிக்குப் பழைய சிவப்புக் கையுறைதான். விட்டுப்போன தையலை அம்மா தைத்துவிட்டார். பெரிதாக இருப்பதால் மணிக்கட்டில் ஒரு துணிப் பட்டையைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறான். சுழல்வது கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுவதும் நிற்கவில்லை. அதனால் அதைப் போட்டுக்கொண்டு வேகமான பந்துகளைப் பிடிப்பதில்லை. விழுவதற்கும் எழுவதற்கும் மட்டும்தான் அது. தங்கைக்கு ஆறாம் எண் தீபாவளிக்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிறு இரவு இரண்டு ஜோடியும் கழுவி, வீட்டுக்குள் கொடியில் தொங்குகின்றன. உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா ரயிலுக்குக் கிளம்பும்போது, விரல்களுக்குள் இருக்கும் நனைந்த தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வைத்துவிட்டுப் போகிறார்.